வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ஆளை வெளுக்காதீர்கள்: வன்னியில் ஹை-கீ முகப்படம் எடுக்க ஒரு வழிகாட்டி

வெளிச்சம் கூடிப் படம் ஓவராகிவிட்டால் அதை அழித்துவிடுவதுதான் வழக்கம். பின்னால் சுவர் தெரியாது, சட்டையின் மடிப்புத் தெரியாது, முகம் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். ஆனால் அதே வெளிச்சத்தை வேண்டுமென்றே, அளவோடு கூட்டினால் வேறொரு படம் கிடைக்கும். பின்னணி வெண்மையாகும், நிழல்கள் இளகும், நடுவில் கண்ணும் முகமும் மட்டும் நிற்கும். இதை ஹை-கீ என்பார்கள். கூடவே படத்தின் கூர்மையையும் கொஞ்சம் தளர்த்தினால் அது சொஃப்ட் போக்கஸ். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், தனித்தனியாகவும் செய்யலாம். புதிதாகக் கமரா பிடிப்பவர்கள் வன்னியில் இருக்கிற வெளிச்சத்தையும் வீட்டில் கிடக்கிற சாமான்களையும் வைத்து இதை எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆளை வெள்ளையாக்குகிற வித்தை அல்ல. கலியாண அல்பமும் சாமத்திய வீட்டு அல்பமும் புரட்டியவர்களுக்குத் தெரியும்: பிள்ளையின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். 'வெளிச்சமா எடுங்கோ' என்று வீட்டார் கேட்பார்கள், ஸ்ரூடியோவில் முகத்தை மட்டும் வெளுத்துக் கொடுப்பார்கள். ஹை-கீயில் வெள்ளையாக வேண்டியது சுவரும் துணியும்தான். மாநிறத் தோல் மாநிறமாகவே நிற்கவேண்டும். அப்படி நின்றால்தான் படம் நன்றாகவும் இருக்கும். ஏன் என்பதைப் பிறகு கணக்கோடு பார்ப்போம்.

என்ன வேண்டும்

புதிதாக வாங்கவேண்டியது எதுவும் இல்லை. கூட்டல் கழித்தல் குறி போட்ட, வெளிச்ச அளவைத் திருத்துகிற பட்டன் உள்ள எந்தக் கமராவும் போதும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. சிறிய சென்சர் உள்ள கமராவில் அது 75, 80 மி.மீ. லென்ஸ் மாதிரி வேலை செய்யும். முகத்துக்கு அது அளவானது. போனில் எடுப்பவர்கள், 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பாவியுங்கள். சாதாரண அகன்ற லென்ஸை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்குப் பெருத்துத் தெரியும். கமராவில் ரா கோப்பாக, அதாவது சென்சர் கண்டதை அப்படியே முழுதாக வைக்கிற கோப்பாக, எடுக்கிற வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இவற்றோடு ஒரு வெள்ளை வேட்டி, ஒரு வெள்ளை ரெஜிபோம் தட்டு, ஒரு கைக்குட்டை, கறுப்பு நைலோன் காலுறை ஒன்று, ரப்பர் பான்ட். ரெஜிபோம் தட்டைப் பிடிக்க ஒரு தம்பியோ தங்கச்சியோ வேண்டும். அதைச் சுவரில் சாத்திவைத்தால் கச்சான் காற்று ஒரே தள்ளில் முற்றத்துக்குக் கொண்டுபோய்விடும்.

முதலில் வேட்டியைப் படம் எடுங்கள்

ஆளைக் கூப்பிட முதல் இதைச் செய்யுங்கள். வேட்டியை நிழலில் கொடியில் போட்டு, பிரேம் முழுக்க வேட்டி மட்டுமே வரும்படி, கமரா சொல்கிற அளவிலேயே ஒரு படம் எடுங்கள். வேட்டி சாம்பல் நிறத்தில் வரும். பிறகு ஒரு கறுப்புக் குடைத் துணியை அதே மாதிரி எடுங்கள். அதுவும் சாம்பல்தான். வெளிச்சத்தை அளக்கிற கமராவின் மீற்றருக்கு வேட்டியும் தெரியாது, குடையும் தெரியாது. தனக்குக் காட்டியதையெல்லாம், தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 வீதத்தைத் திருப்பி அனுப்புகிற நடுச் சாம்பலாக எண்ணிக்கொண்டு அளக்கிறது. இப்போதைய கமராக்களும் போன்களும் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். ஆனாலும் அடிப்படை இதுதான்.

இனி வேட்டிக்கு +1, +2, +3 என்று கூட்டிக்கூட்டி எடுங்கள். இந்த ஒவ்வொரு படியையும் ஒரு ஸ்டொப் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டொப்பும் முந்தியதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம். +3 என்றால் எட்டு மடங்கு. +2 அளவில் வேட்டி வெள்ளையாகிவிடும், நெசவும் கரையும் இன்னும் தெரியும். +3 இல் நெசவு போய்விடும். உங்கள் கமராவில் எந்த அளவோடு நெசவு மறைகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் அடிப்படை.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சேலையோடு இருக்கிற ஒருவரை +1 கூட்டி எடுத்தால் அது ஓவர் இல்லை. மீற்றர் குறைத்துவிட்டதை நாங்கள் திரும்பப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். வேண்டுமென்று கூட்டுவது அதற்கு மேலேதான் தொடங்குகிறது.

தோலின் கணக்கு

யூடியூப்பில் ஹை-கீ சொல்லித்தருகிற பாடங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல்காரரை இருத்தி எடுத்தவை. அந்தத் தோல் நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டொப் வெளிச்சமானது. ஆகவே அவர்கள் கன்னத்தைச் சாதாரணமாகவே +1 இல் வைப்பார்கள், ஹை-கீக்கு +2 வரை தூக்குவார்கள். அந்த எண்ணை அப்படியே ஒரு கிளிநொச்சி முகத்துக்குப் போட்டால் ஆள் இரண்டு தலைமுறை வெளுத்துப்போவார்.

எங்கள் மாநிறத் தோல் நடுச் சாம்பலுக்குக் கிட்ட இருக்கும், கறுத்த தோல் ஒரு ஸ்டொப் வரை கீழே போகும். பிரேமில் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கிற ஸ்பொட் மீற்றரைக் கன்னத்தில் வைத்து அளந்தால் மாநிறத்துக்கு +⅔ அல்லது +1 போதும். கறுத்த தோலுக்கு 0 அல்லது +⅓. இரண்டிலும் சாதாரணப் படத்தைவிட ஒரு ஸ்டொப்தான் கூட்டுகிறோம், அதற்கு மேல் போவதில்லை.

'கறுத்த ஆக்களுக்கு இந்த மாதிரிப் படம் எடுபடாது' என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. புதிதாக வெள்ளை அடித்த சுவர், விழுகிற வெளிச்சத்தில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். மாநிறத் தோலோடு ஒப்பிட்டால் அது இரண்டு ஸ்டொப்புக்குச் சற்று அதிகம். கன்னத்தை +⅔ இல் வைத்தால் அதே வெளிச்சத்தில் நிற்கிற சுவர் தானாகவே +2⅔ இல் போய் நிற்கும், அதாவது வெள்ளையாகிவிடும். தனியாகச் சுவருக்கு விளக்குப் பிடிக்கத் தேவையில்லை. வெள்ளைத் தோலுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் ஒரு ஸ்டொப் சொச்சம்தான் வித்தியாசம், ஆகவேதான் அவர்களின் ஸ்ரூடியோக்களில் பின்னணிக்கென்று இரண்டு ஃப்ளாஷ் வேறாக வைக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. அப்படிக் கிடைத்திருக்கிற வித்தியாசத்தை முகத்தை வெளுத்து நாங்களே அழிக்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

இடமும் நேரமும்

வன்னியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதை இளக்குவதுதான் வேலை. சித்திரை வருசப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரம் ஆளை வெளியில் நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போகும். வெளிச்சத்தைக் கூட்டக்கூட நிலைமை மோசமாகுமே தவிரத் திருந்தாது. மரநிழலும் சரிவராது. இலைகளுக்குள்ளால் விழுகிற வெயில் புள்ளிகள் ஓவரில் முகத்தில் வெள்ளை ஓட்டைகளாகத் தெரியும். அதோடு மாமரமும் வாழையும் தோலில் பச்சையைப் பூசிவிடும்.

நான் சொல்வது விறாந்தை. பழைய கல்வீடோ வீட்டுத்திட்ட வீடோ, விறாந்தை இருந்தால் உங்களிடம் ஒரு ஸ்ரூடியோ இருக்கிறது. மத்தியானத்திலும் அங்கே எடுக்கலாம். முற்றத்தில் விழுகிற வெயில் நிலத்தில் பட்டுத் திரும்பி விறாந்தைக்குள் வரும்போது இளகியிருக்கும், கீழிருந்து வருவதால் தாடைக்குக் கீழுள்ள நிழலையும் நிரப்பிவிடும்.

ஆனால் நிலத்தின் நிறத்தைப் பாருங்கள். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் செம்மண் முற்றமாக இருந்தால் திரும்பி வருகிற வெளிச்சமும் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். சாதாரணப் படத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. ஹை-கீயில் நிழலைத் தூக்கிவிடுவதால் தாடைக்குக் கீழேயும் மூக்கின் அடியிலும் மஞ்சள் பூசியது தெரியவரும். விறாந்தை ஓரத்தில் முற்றத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துவிட்டால் தீர்ந்தது. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த வெளிறிய மணலே பெரிய ரெஜிபோம் தட்டு மாதிரி வேலை செய்யும். பின்னேரம் நாலரை மணிக்குப் பிறகு அங்கே ஆளின் முதுகுக்குப் பின்னால் சூரியனை வைத்து எடுத்துப்பாருங்கள்.

விறாந்தையில் ஆளை எப்படி இருத்துவது என்பதற்கு இரண்டு வழி. முதலாவது, வெள்ளைச் சுவருக்கு முன்னால், முகம் முற்றத்தைப் பார்க்க. சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னுக்கு இருத்தினால் நிழல் சுவரில் விழாது. தொடங்குபவர்களுக்கு இதுதான் சுகம். இரண்டாவது, ஆளின் முதுகு முற்றத்தைப் பார்க்க, நீங்கள் வீட்டுக்குள்ளிருந்து எடுப்பது. கன்னத்துக்கு அளவு வைத்தால் பின்னால் வெயில் விழுகிற முற்றம் தானாக வெண்மையில் கரைந்துவிடும். வேலியும் கிணறும் சைக்கிளும் எல்லாம் காணாமல் போகும். ஆனால் முகத்துக்கு ரெஜிபோம் தட்டைக் கட்டாயம் பிடிக்கவேண்டும். லென்ஸுக்குள் பின்வெளிச்சம் நேரே புகுந்து படத்துக்கு ஒரு திரை போட்டுவிடும். அது வேண்டாமென்றால் லென்ஸ் ஹூட் போடுங்கள், அல்லது கையால் மறையுங்கள்.

மாரியில், நவம்பர், டிசம்பரில், முகில் மூடிய நாட்களில் வெளியிலேயே எடுக்கலாம். வானமே வெள்ளையாக இருக்கும், நிழலே விழாது. மழைக்குத் தறப்பாள் கட்டுவதாக இருந்தால் நீலம் வேண்டாம், முகம் நீலித்துவிடும். வெள்ளைத் தறப்பாள் நல்லது. அதற்குக் கீழே வெளிச்சம் எப்படி இருக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆளைத் தயார்ப்படுத்துவது

வெள்ளை, சந்தனம், இளமஞ்சள், வெளிர்நீலம் போன்ற உடுப்புகள் பொருந்தும். கடும் அரக்கு நிறப் பட்டுச்சேலை உடுத்தியவரை ஹை-கீயில் எடுக்காதீர்கள். அந்த நிறம் படத்தின் பாதியை இழுத்துக்கொள்ளும், வெளிச்சம் கூட்டினால் பட்டின் நிறமும் கெட்டுவிடும்.

வியர்வையைத் துடையுங்கள். தோலைவிட முதலில் வெள்ளையடிப்பது தோலின்மேல் இருக்கிற மினுக்கம்தான். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னத்தின் மேல் எலும்பு மூன்றையும் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் சிவக்கும். தேங்காய் எண்ணெய் வைத்து வாரிய தலையாக இருந்தால் நெற்றி ஓரத்தையும் பாருங்கள்.

ஒரு அம்மம்மாவை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நரைத்த தலை, வெள்ளைச் சேலை, நெற்றியில் மூன்று குறி திருநீறு. கன்னத்துக்குச் சரியான அளவு வைத்ததும் முதலில் போவது திருநீறு. மூன்று கோடும் கலந்து ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடும். பிறகு நரை போய்ச் சுவரோடு ஒட்டிவிடும், தலை எங்கே முடிகிறது என்று தெரியாது. திருநீற்றுக்கு வழி, முகத்தைச் சற்றுக் கீழே சரிக்கச் சொல்வது. நெற்றியில் படுகிற வெளிச்சத்தின் கோணம் மாறினால் கோடுகள் திரும்பி வரும். நரைக்கு வழி, ஆளைச் சுவரிலிருந்து இன்னும் முன்னுக்கு, முற்றத்துப் பக்கமாக இருத்துவது. சுவர் விறாந்தையின் உள்ளுக்குப் போகப்போக அதன் வெளிச்சம் அரை ஸ்டொப் குறையும், நரை தனியாகத் தெரியும். சிலர் நரையைப் பின்னணியில் கரைய விடுவதையே விரும்புவார்கள். அதுவும் அழகுதான், முகத்தின் ஓரம் தெரிந்தால் போதும்.

"இஞ்சால பாருங்கோ அம்மம்மா."

"பல்லில்லாத வாயையோ தம்பி எடுக்கப்போறாய்?"

இந்த நேரத்தில்தான் பட்டனை அமுக்கவேண்டும். அளவெல்லாம் முன்கூட்டியே வைத்திருந்தால்தான் அது முடியும். ஆகவேதான் ஆள் வர முதல் தம்பியை அந்தக் கதிரையில் இருத்தி எல்லாம் பார்த்துவைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. வன்னி ஆட்களைக் கேட்காமல் படம் எடுத்தவர்கள் நிறைய. அழுகிற முகத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் பிறகு அந்தப் படத்தை அவர்களுக்குக் காட்டியதும் இல்லை. கேட்டு எடுங்கள், எடுத்ததை அந்த இடத்திலேயே காட்டுங்கள்.

அளவு வைப்பது

கமராவை அப்பேச்சர் முதன்மை நிலையில் வையுங்கள். அப்பேச்சர் என்பது லென்ஸின் வாய்த்திறப்பு, எஃப் எண் சிறிதானால் திறப்புப் பெரிது. இந்த நிலையில் திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கமரா வைக்கும். எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 100. திறந்த நிழலில் ஷட்டர் ஏறக்குறைய 1/400 வரும், +1 கூட்டினால் 1/200 ஆகும். கையால் பிடித்து எடுக்க அது போதும். பின்னணிதான் மீற்றரை ஏமாற்றுகிறது என்பதால் ஸ்பொட் மீற்றரைக் கன்னத்தில் வைத்து அளந்து, அந்த அளவை மனுவல் நிலையில் பூட்டிவிடுவது இன்னும் நல்லது. வெளிச்சம் மாறாதவரை ஒவ்வொரு படத்துக்கும் அளக்கத் தேவையில்லை.

பிறகு மெனுவில் வெளுத்த இடங்களைச் சிமிட்டிக் காட்டுகிற வசதியைப் போடுங்கள். ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பின்னணி சிமிட்டினால் சந்தோசம். சேலையின் தோள்பக்கம் கொஞ்சம் சிமிட்டினாலும் பரவாயில்லை. கன்னமோ நெற்றியோ சிமிட்டினால் ⅔ ஸ்டொப் கீழே இறங்குங்கள்.

சிமிட்டாமலே தோல் கெடுவதும் உண்டு. தோலில் சிவப்புத்தான் முதலில் நிரம்பும். சிவப்பு நிரம்பிப் பச்சை ஏறிக்கொண்டே போனால் மாநிறம் மஞ்சளித்துவிடும். ஹிஸ்டோகிராம் என்பது இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டுகிற வரைபடம். மூன்று நிறத்துக்கும் அதைத் தனித்தனியாகக் காட்டுகிற கமராவாக இருந்தால் சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். பின்னணி எப்படியும் முட்டும் என்பதால் இதைப் பார்க்க முகத்தை மட்டும் நிரப்பி ஒரு சோதனைப் படம் எடுப்பது நல்லது.

போனில் இவ்வளவும் இல்லை. முகத்தில் விரலை வைத்து அமுக்கிப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். ஓட்டோ எச்.டி.ஆரை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வெளுக்க விட்ட பின்னணியைப் போன் மினக்கெட்டு மீட்டுக்கொண்டுவந்து சாம்பலாக்கித் தரும்.

பிலிம் காலத்து ஸ்ரூடியோக்காரர் சிலர் 'ஓவராவே எடு, பிரின்ற்றில பாக்கலாம்' என்பார்கள். நெகற்றிவ் பிலிமுக்கு அது உண்மை. ஒன்று இரண்டு ஸ்டொப் கூடினாலும் அது தாங்கும். டிஜிற்றல் அப்படியல்ல, நிரம்பிய இடத்தில் பிறகு எதுவும் இல்லை. ரா கோப்பில் திரையில் தெரிவதைவிடக் கொஞ்சம் மீதி இருக்கும். அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நம்பி எடுக்காதீர்கள்.

கூர்மையைத் தளர்த்துவது

சொஃப்ட் போக்கஸ் என்றால் போக்கஸ் தவறிய படம் அல்ல. சொந்தக்காரர் ஒருவரின் ஒரேயொரு படமாக மிஞ்சிய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகள் இங்கே பல. அந்தப் படத்தில் எந்த இடத்திலும் கூர்மை இருக்காது. சொஃப்ட் போக்கஸில் கூர்மையான ஒரு படமும் அதன்மேல் பரவிய ஒளியும் சேர்ந்தே இருக்கும். கண்மடலின் கோடு தெளிவாகத் தெரியும், அதைச் சுற்றி ஒரு மினுக்கம் படர்ந்திருக்கும். இதற்கென்று செய்த லென்ஸ்களில், லென்ஸின் ஓரத்தால் வருகிற கதிரும் நடுவால் வருகிற கதிரும் ஒரே இடத்தில் குவியாமல் விட்டிருப்பார்கள். ஜெர்மனியின் ரோடன்ஸ்ரொக் இமாகொன் அப்படிப்பட்டது. 1987 இல் வந்த கனன் 135 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் மென்மையின் அளவைத் திருகி மாற்றலாம். இப்படியான லென்ஸில் அப்பேச்சரைச் சிறிதாக்கினால் மென்மை குறையும்.

இந்த வகைப் படத்துக்குப் பேர்போன ஜூலியா மார்கரெட் கமரொன் எங்கள் நாட்டில்தான் இறந்தார். 1815 இல் கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் முதல் கமராவைக் கையில் எடுத்தவர். 1875 இல் இலங்கைக்கு வந்தார், 1879 இல் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவர் காலத்துப் படப்பிடிப்பாளர்கள் அவருக்குப் போக்கஸ் வைக்கத் தெரியாது என்று ஏளனம் செய்தார்கள். உங்களுக்கும் யாராவது சொல்வார்கள்.

லென்ஸ் வாங்க வேண்டாம், காலுறை போதும். நைலோன் காலுறையை ஒற்றைப் படையாக லென்ஸின் முன்னால் இழுத்து ரப்பர் பான்ட் போடுங்கள். இழுக்க இழுக்க மென்மை குறையும், தளர்வாக விட்டால் கூடும். கறுப்புக் காலுறை கறுப்பைக் கறுப்பாகவே விடும். வெள்ளையோ தோல் நிறமோ என்றால் படம் முழுக்கப் பனிப்புகார் மாதிரிப் படியும். ஏற்கெனவே வெளிச்சம் கூட்டிய படத்துக்கு நான் கறுப்பைத்தான் சொல்வேன். ஊதுபத்தி நுனியால் நடுவில் ஒரு சிறு துளை போட்டால் கண் இன்னும் தெளிவாக வரும். துளையைக் காலுறை லென்ஸில் இல்லாதபோது போடுங்கள். அப்பேச்சரைத் திறந்தே வையுங்கள், எஃப் 8 க்குப் போனால் வலையின் கண்கள் பின்னணி வெளிச்சங்களில் தெரியத் தொடங்கும்.

வாஸ்லின் பூசுகிற பழைய முறையும் உண்டு. லென்ஸில் ஒருபோதும் பூசாதீர்கள், பழைய யூ.வி. பில்டர் ஒன்றில், நடுவை விட்டு ஓரத்தில் மட்டும் பூசுங்கள். வன்னி வெயிலில் அது இளகி நடுவுக்கு வழியும், கோடைப் புழுதி அதில் வந்து ஒட்டும். எனக்கு இந்த முறையில் பிடிப்பில்லை. லென்ஸில் மூச்சு விட்டு எடுக்கச் சொல்வார்கள், அதுவும் குளிர்நாட்டு யோசனை. சூடேறிய கண்ணாடியில் மூச்சு படியாது. ஏ.சி. வாகனத்திலிருந்து இறங்கியவுடன் லென்ஸ் தானாகவே புகார் பிடிக்கும், வேண்டுமென்றால் அந்தச் சில நிமிடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

காசு இருந்தால், லென்ஸின் முன்னால் மாட்டி ஒளியைப் படரவிடுகிற பிளாக் புரோ-மிஸ்ட் பில்டர் வாங்குங்கள். 1/8, 1/4, 1/2 என்று அளவு இருக்கும். முகப்படத்துக்கு 1/4 போதும்.

போன்காரர்கள் முதலில் லென்ஸைத் துடையுங்கள். உங்கள் படங்கள் இவ்வளவு நாளும் சொஃப்ட் போக்கஸாகத்தான் வந்திருக்கும், விரல் எண்ணெயால். துடைத்த பிறகு காலுறைத் துண்டை ஒட்டிப்பாருங்கள்.

போக்கஸ் கிட்ட இருக்கிற கண்ணில். ஒற்றைப் புள்ளியை அந்தக் கண்ணில் வையுங்கள். காலுறைக்குள்ளால் கமரா தடுமாறினால் திரையில் கண்ணைப் பெருப்பித்துக் கையால் திருகுங்கள். இமைமயிர் தெரியவேண்டும்.

இரண்டையும் சேர்க்கும்போது

மென்மை சேர்த்ததும் வெளிச்சமான இடங்கள் இருண்ட இடங்களுக்குள் வழியும், பின்னணியின் வெண்மை முகத்தின் ஓரத்துக்குள் புகும். ஆகவே காலுறை போட்டால் கூட்டிய வெளிச்சத்தில் ⅓ முதல் ½ ஸ்டொப் வரை குறையுங்கள். பின்னணி முழுவதும் வெள்ளையாக இருந்தால் ½.

படத்தில் ஏதாவது ஒரு இடம் உண்மையான கறுப்பாக இருக்கவேண்டும். கண்மணி, கண்மை, தலைமயிர், கறுப்புப் பொட்டு, ஏதாவது ஒன்று. அது இல்லாவிட்டால் படம் முழுவதும் கழுவினது போலாகும். ஹிஸ்டோகிராமில் இடது ஓரத்தில் மெல்லிய கோடாவது தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் ரெஜிபோம் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்கு மென்மையைக் குறைவாகவே வையுங்கள். வெளிச்சம் கூட்டியதிலேயே சுருக்கங்களின் நிழல் இளகிவிட்டது. அதற்கு மேலும் அழித்தால் வீட்டாருக்கே அது தங்கள் அம்மம்மாவாகத் தெரியாது.

கணினியில்

கமராவில் மென்மை சேர்க்காதவர்கள் இங்கே சேர்க்கலாம். 1980களில் மைக்கேல் ஓர்ட்டன் என்ற கனடாப் படப்பிடிப்பாளர், ஒரே காட்சியை ஓவராக இரண்டு ஸ்லைட் எடுப்பார், ஒன்று கூர்மையாக, மற்றது போக்கஸ் தவறி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒளி படர்ந்த படம் கிடைக்கும். அதைத்தான் நாங்கள் கணினியில் லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற பட அடுக்குகளில், செய்கிறோம். படத்தை இன்னொரு லேயராகப் பிரதி எடுத்து, காஷியன் ப்ளர் கொடுத்து மங்கலாக்கி, கீழுள்ள படத்தை வெளிச்சமாக்குகிற ஸ்க்ரீன் நிலையில் போட்டு, அந்த லேயரின் அடர்த்தியை 25, 30 வீதத்துக்குக் குறையுங்கள். கண்களிலும் உதட்டிலும் அந்த லேயரை அழித்துவிடுங்கள். போனில் ஸ்னாப்சீட்டின் கிளாமர் குளோ இதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

வெளிச்சமான இடங்களைக் குறைக்கிற ஹைலைற்றைக் கீழே இழுக்காதீர்கள். பாடுபட்டு வெண்மையாக்கிய சுவர் சாம்பலாகும். முகம் வெளுத்திருந்தால் முகத்தை மட்டும் தெரிவுசெய்து குறையுங்கள். கடைசியில் முகத்தையும் மடியில் இருக்கிற கையையும் பாருங்கள். இரண்டும் ஒரே ஆளுடையதாகத் தெரியவேண்டும்.

பிரின்ற் போடும்போது

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எந்தக் கடையில் கொடுத்தாலும் 'கரெக்ஷன் வேண்டாம்' என்று சொல்லிக் கொடுங்கள். பிரின்ற் மெஷினின் ஓட்டோ கரெக்ஷனும் கமரா மீற்றர் மாதிரித்தான். வெள்ளைப் படத்தைக் கண்டால் தவறு என்று நினைத்து இருட்டாக்கிவிடும். முதலில் ஒரு சிறிய பிரின்ற் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதைக் கொடுங்கள்.

முழு வெள்ளையான இடத்தில் மெஷின் எதையும் அச்சடிக்காது, வெறும் தாள்தான் மிஞ்சும். அல்பத்தில் ஒட்டினால் படம் எங்கே முடிகிறது என்று தெரியாது. கணினியில் 0 கறுப்பு, 255 முழு வெள்ளை. பின்னணியை 255 இல் விடாமல் 245, 250 க்குக் கொண்டுவாருங்கள், அல்லது மெல்லிய சாம்பல் கோடு ஒன்றை ஓரமாகப் போடுங்கள். தாள் மற் ஆக இருக்கட்டும். பளபளக்கிற தாள் மாரி ஈரத்தில் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஒரு மட்டைச் சட்டம் வைத்துத் தரும்படி பிரேம் கடையில் கேளுங்கள். படத்தின் கோப்பை வீட்டுக் கணினியில் ஒன்று, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.